வாசல் நோன்பு

கஞ்சியில் சுண்ணாம்பு ருசித்தது.

லஸ்ரான் அகப்பையைக் கொப்பரையின் விளிம்பில் தட்டி வைத்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தான். பார்லி, வெங்காயத்தாள், கடற்பாசியின் உப்பு என்று முதலில் வழக்கமான ருசிகள்தான் வரிசையாக வந்தன. அவையெல்லாம் தொண்டைக்குள் இறங்கிய பிறகு, கடைசியாக, அழைக்காமல் வந்த விருந்தாளி மாதிரி ஓர் எரிச்சல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. காலையில்தான் மணல் போட்டுக் கொப்பரையைத் தேய்த்திருந்தான். தண்ணீரும் ஊற்றுத் தண்ணீர். அகப்பையைத் திருப்பிப் பார்த்தபோது அதன் வளைவில் ஒரு முடி ஒட்டியிருந்தது. செம்பு நிறம், ஒரு முழ நீளம்.

இருபத்தாறு துறவிகள் இருக்கும் அந்த மடத்தில் செம்பட்டை முடி ஒருவனுக்குத்தான் இருந்தது. எழுத்தன் முரேதக். முன்தலையை மழித்துப் பின்முடியைத் தோள் வரைக்கும் விட்டிருப்பான். அவனைப் புதைத்து இன்றோடு நாலு நாள்.

லஸ்ரான் முடியை நெருப்பில் போட்டான். முடி கருகினால் ஒரு நாற்றம் வரும் அல்லவா, அது வரவில்லை. ஊறிய தோலின் நாற்றம் வந்தது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடலும் கரையும் எங்கே பிரிகின்றன என்று தெரியாதபடி பனிமூட்டம் ஐந்து நாளாக அசையாமல் கிடந்தது. அந்த மூட்டத்துக்குள் எங்கோ பக்கத்தில், தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கூரையிலிருந்து என்று நினைத்துக்கொண்டான். மழை பெய்து ஐந்து நாள் ஆகிவிட்டது என்பதை அவன் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

சமையற்கட்டின் வாசலுக்கு நேர் எதிரே, நாலடி அகலப் பாதைக்கு அந்தப் பக்கம், தோல்காரர் கொன்லாவின் குடில். கன்றுத்தோலை ஊறவைத்து, சுரண்டி, இழுத்துக் கட்டி எழுதுதோலாக ஆக்கித் தருவது அவர் வேலை. குடிலுக்குப் பின்னால்தான் சிப்பி சுட்ட சுண்ணாம்பு கரைத்த குழி இருந்தது. முரேதக் அதற்குள்தான் கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. குழியைத் துழாவும் கழியில் ரத்தம் இருந்தது. கழி கொன்லாவுடையது. அதற்கு முந்தின வாரம்தான், ஓட்டைத் தோலைத் தலையில் கட்டிவிட்டதாக முரேதக் கொன்லாவோடு மடமே கேட்கச் சண்டை போட்டிருந்தான். அன்று பிற்பகல் தான் கடற்கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்ததாகக் கொன்லா சொன்னார். பனிமூட்டத்தில் அவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

கொலைகாரனை மடம் கொல்லாது. துடுப்பில்லாத தோல்படகில் உட்காரவைத்து, கரைக்காற்று வீசும் நாளில் கடலுக்குள் தள்ளிவிடும். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. காற்றுதான் வரவில்லை. அது வரும்வரை கொன்லா தன் குடிலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்.

மறுநாள் விடியலில் சத்தம் கேட்டு லஸ்ரான் கதவைத் திறந்தான். பாதையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். புல், கல், கதவுப் படி என்று எல்லாவற்றின் மேலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. இரண்டு வாசல்களுக்கும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் படியவில்லை. அங்கே மண் ஈரமாக, கருப்பாக இருந்தது. ஓர் ஆள் இரவெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்து போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதன் விளிம்பில் சுண்ணாம்பு காய்ந்து பொரிந்திருந்தது.

மடத்துத் தலைவர் பேதான் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். எழுபது வயது மனிதர். எதற்கும் நிறம் மாறாத முகம் அன்று மாறியது.

"வாசல் நோன்பு உக்காந்திருக்கான்" என்றார்.

அங்கே யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வலியவன் அநியாயம் செய்துவிட்டால் எளியவன் பொழுது சாய்ந்ததும் அவன் வாசலில் போய் உட்காருவான். விடியும்வரை பட்டினி கிடப்பான். உள்ளே இருப்பவனும் அதுவரை ஒரு கவளம் தொடக்கூடாது. 'உனக்கு நியாயம் செய்கிறேன்' என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் வாசலில் இருப்பவன் எழுந்து போய்விடுவான். அப்படிச் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு எந்தச் சட்டமும் காவல் இல்லை. அவனுக்கு என்ன நேர்ந்தாலும் கேட்க ஆள் கிடையாது. அரசனே ஆனாலும் அதுதான். ஆனால் செத்தவன் வந்து உட்கார்ந்து அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை.

"கொன்லாவுக்குப் பொழுது சாஞ்சப்புறம் பச்சத் தண்ணி கூடக் குடுக்காதீங்க" என்றார் தலைவர். "சோறு பகல்ல மட்டும். லஸ்ரான், கேட்டுதா?"

"கேட்டுதுங்க சாமி."

லஸ்ரானுக்குள் ஏதோ தளர்ந்து கீழே இறங்கியது. அது நிம்மதி. அவன் அதற்காக வெட்கப்பட்டான், ஆனாலும் அது நிம்மதிதான். செத்தவனே வந்து கொன்லாவின் வாசலில் உட்கார்ந்துவிட்டான். இனி யார் எதைச் சந்தேகப்படப் போகிறார்கள்? முரேதக்கைக் கொன்றது யார் என்று செத்தவனுக்கே தெரியவில்லை போலும். முதுகுப் பக்கமிருந்துதான் லஸ்ரான் அடித்திருந்தான்.

அடிக்க வேண்டும் என்று போகவில்லை. அதை அவன் தனக்குத் தானே ஆயிரம் தடவை சொல்லிவிட்டான். தோல் பொறுக்க வந்த முரேதக் குழியோரம் நின்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் செய்தது.

"டேய் வெண்ணெய்க்காரா, உன்னப் பத்தி எழுதிட்டேன் தெரியுமா? வேதத்துச் சங்கீதப் புத்தகத்துல, ஓரத்துல, உன் பேரோட."

எழுத்தர்கள் பக்க ஓரத்தில் இப்படிக் கிறுக்குவது வழக்கம்தான். பேனா சரியில்லை, வெளிச்சம் போதவில்லை, முதுகு வலிக்கிறது என்று தங்கள் பாட்டைப் பாடி வைப்பார்கள். லஸ்ரானுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தவக்காலத்தில் அவன் அரைக்கட்டி வெண்ணெயை ஒளித்துத் தின்றதை முரேதக் ஒருமுறை பார்த்துவிட்டான். அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் வெண்ணெய்க்காரன்தான்.

"என்ன எழுதின? சுரண்டிடு."

"சுரண்டறதா? அதுக்கு இன்னொரு கன்னுக்குட்டி சாகணும். இருந்துட்டுப் போவட்டும்டா. நீயும் நானும் மண்ணாப் போனப்புறமும் லஸ்ரான்னு ஒருத்தன் இருந்தான், அவன் இப்படின்னு படிப்பாங்க."

சொல்லிவிட்டு முரேதக் திரும்பினான். மண்ணாப் போனப்புறமும். அந்த ஒரு சொல் லஸ்ரானின் காதுக்குள் கொதித்தது. கழி பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. குழிக்குள் விழுந்த பிறகு முரேதக் அவனை இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூன்றாவது தடவை வாயில் சுண்ணாம்பு போய்விட்டது.

நடுப்பகலில் ஓட்ஸ் ரொட்டியும் மோரும் எடுத்துக்கொண்டு லஸ்ரான் எதிர்க் குடிலுக்குப் போனான். பாதையில் அந்த ஈர இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனான். எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

கொன்லா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பில் ஊறி ஊறி நகமே இல்லாமல் போன விரல்களால் ரொட்டியைப் பிட்டார்.

"வாடா லஸ்ரா. காத்து எப்ப வருமாம்?"

"தெரியலண்ணே."

"வரும். இன்னிக்கிக் காலையிலேருந்து முட்டி குத்துது. நாளைக்கி வந்துரும்." மென்றுகொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காரு, ஒண்ணு கேக்கணும். அந்த எடத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சாமியும் பாத்தாரு. எல்லாரும் பாத்தாங்க. என் வாசல்ல உக்காந்திருக்கான்னுட்டு போயிட்டாங்க. இனி நான் சொன்னா யாரு நம்புவா? நான் முப்பது வருசமா தோல் பாக்குறவன்டா. எது முதுகு, எது வயிறுன்னு இருட்டுல தடவிச் சொல்லுவேன். எனக்குத் தெரியாதா?" குரல் இறங்கியது. "முட்டி பதிஞ்சது உன் பக்கம். முதுகு என் பக்கம். அவன் என்னப் பாத்து உக்காரல."

லஸ்ரான் மோர்ச் சட்டியை எடுக்கப் போனான். கைக்கு அகப்படவில்லை.

"புதைச்ச அன்னிக்கே வந்துட்டான். நாலு நாளா பொழுது சாஞ்சா வரான். கதவிடுக்குல நான் பாக்குறது அவன் பின்மண்டைய. பாத்திருக்கியா நீ, பின்னாடியிருந்து? பாத்திருப்ப." கொன்லா அவன் கண்ணை விடவில்லை. "ராத்திரியில ஏதாச்சும் தின்னியாடா?"

"இல்லண்ணே. பகல் சாப்பாட்டோட சரி. சத்தியமா."

"நல்லது. தின்னுறாத. சொல்லிட்டா எழுந்து போயிருவான். ரெண்டு வார்த்தைடா, லஸ்ரா. எனக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? சாகுறதுக்கு பயமில்ல. ஆனா செய்யாத கொலைக்கு, தண்ணியில தனியா..." அவர் முடிக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று நினைப்பவர் அவர்.

லஸ்ரான் சமையற்கட்டுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அது உறைத்தது. ராத்திரிக் கஞ்சி. மறுநாளுக்கான பார்லி இரவெல்லாம் தணலில் கிடந்து வேக வேண்டும். அதற்கு உப்புப் போடுவது பொழுது சாயும் நேரத்தில். உப்புப் போட்டால் ஒரு வாய் ருசி பார்ப்பான். இருபது வருடங்களுக்கு முன் ஒரு தவக்காலத்தில் ருசி பார்க்காமல் உப்பைக் கொட்டி மடம் முழுவதையும் வாந்தி எடுக்க வைத்தபோது, தலைவர் பேதான் கடுப்பில் தீர்ப்பு சொல்லியிருந்தார்: சமையல்காரன் ருசி பார்ப்பது சாப்பிடுவதில் சேராது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் அரைக்கட்டி வெண்ணெயே உள்ளே போனது. ருசி பார்ப்பதை அவன் சாப்பாடாக எண்ணியதே இல்லை.

ஆண்டவர் நோன்புக்கு அந்தத் தீர்ப்பு செல்லும். வாசல் நோன்புக்கு?

நாலு நாள். நாலு வாய்.

அன்று மாலை அவன் அகப்பையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தான். உப்பைக் கண்ணளவுக்குப் போட்டான். கதவுக்குக் கட்டையைக் குறுக்கே மாட்டினான். ஜன்னல் துளையில் வெளிச்சம் சாம்பலாகி, சாம்பலும் மங்கி, தணலின் சிவப்பு மட்டும் சுவரில் மிச்சமிருந்தபோது, கொதிக்கும் கஞ்சியின் களுக் களுக் என்ற சத்தத்துக்கும் தன் மூச்சுக்கும் நடுவே வேறு ஒன்று இருப்பது அவனுக்குக் கேட்டது. ஊறிய தோலைக் குழியிலிருந்து தூக்கிக் கல்லில் போட்டால் வரும் சத்தம். பொத்தென்று. பிறகு யாரோ வசதியாக உட்காருவது. பிறகு சொட்டுகள்.

கதவுக்கு அடியில் காற்று வந்தது. காற்றோடு சுண்ணாம்பின் நெடி. காற்று! ஆறு நாளுக்குப் பிறகு முதல் காற்று. தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் கரைக்காற்று. அப்படியானால் நாளைக்குப் படகு.

சொல்லிவிடலாம். இப்போதே, கதவைத் திறக்காமலே சொல்லலாம். உனக்கு நியாயம் செய்கிறேன். சொன்னால் அவன் போய்விடுவான், கொன்லா பிழைப்பார், படகில் தான் உட்கார வேண்டும். துடுப்பில்லாமல். சுற்றிலும் தண்ணீர். லஸ்ரானுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே அவனுக்குச் சிறுவயதிலிருந்து பயம்.

"முரேதக்" என்றான்.

சொட்டுகள் நின்றன. வெளியே ஒருவன் காது கொடுத்துக் கேட்கிறான்.

வாயைத் திறந்தான். சொல் தொண்டை வரை வந்தது. நாக்கில் உட்கார்ந்தது. உப்புக் கரித்தது.

உப்பா?

குனிந்து பார்த்தான். வலது கையில் அகப்பை இருந்தது. வாயருகே இருந்தது. காலியாக. இருபது வருடப் பழக்கம். அவனைக் கேட்காமலே கை போய் எடுத்திருக்கிறது. வாயும் கேட்காமலே விழுங்கியிருக்கிறது.

ஐந்தாவது வாய்.

கதவுக்கு வெளியே யாரோ எழுந்துகொண்டார்கள். மெதுவாக. காத்திருந்து கால் மரத்துப்போனவர் எழுவது போல.

விடிந்தபோது மூட்டம் கலைந்து கடல் நீலமாகக் கிடந்தது. இப்படி ஒரு நாளில் யாரையும் சாகக் கொடுக்கத் தோன்றாது. ஆனால் காற்று சரியாக இருந்தது. கரையில் எல்லாரும் கூடி நின்றார்கள். கொன்லாவைத் தோல்படகில் உட்காரவைத்தார்கள். அந்தத் தோலையும் அவரேதான் பதப்படுத்தியிருந்தார். எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பவர்போல விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

தலைவர் பேதான் அங்கியிலிருந்து ஓர் எழுதுதோலை எடுத்தார்.

"செத்தவன் கடைசியா எழுதின பக்கம். நேத்துதான் எடுத்துப் பாத்தேன். ஓரத்துல ரெண்டு வரி இருக்கு. அவன் குரல கடைசியா ஒருதரம் எல்லாரும் கேட்டுக்குங்க." கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். "விரல் மரத்துவிட்டது. லஸ்ரானின் கஞ்சி வரும்வரை ஒரு வரிகூட ஓடவில்லை. ஆண்டவரே, அந்தக் கையை எனக்காகப் பார்த்துக்கொள்ளும்."

அதுதானா? அவ்வளவுதானா? லஸ்ரான் முகத்தைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் நின்றவர் அவன் தோளைப் பிடித்தார். "அழாத தம்பி, உம்மேல அவனுக்கு அவ்ளோ பிரியம்" என்றார். அவன் அழுதது உண்மை. நெஞ்சு பிளந்துவிடும்போல அழுதான். இப்போது சொல்லு, இப்போதாவது சொல்லு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அலை வந்து அவன் பாதத்தை நனைத்தது. குளிர்ந்திருந்தது. அவன் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

கொன்லா அதைப் பார்த்தார்.

"பானையப் பாத்துக்கடா, லஸ்ரா" என்றார். அதற்கு மேல் யாரிடமும் எதுவும் பேசவில்லை. படகு சிறியதாகி, புள்ளியாகி, வெளிச்சத்தில் தொலைந்தது.

திரும்பும் வழியில் தலைவர் பாதையில் நின்று பார்த்தார். உறைபனி ஒரே சீராகப் படிந்திருந்தது. நடுவில் இருந்த ஈர இடம் இல்லை.

"எழுந்து போயிட்டான்" என்றார். சிலுவை போட்டுக்கொண்டார். "நியாயம் கெடச்சுருச்சு. நோன்பு முடிஞ்சுது. லஸ்ரான், இன்னிக்கி எல்லாருக்கும் கொஞ்சம் வெண்ணெயும் போடு."

எல்லாரும் கோவிலுக்குப் போனார்கள். லஸ்ரான் மட்டும் சமையற்கட்டின் முன்னால் நின்றான். கரைக்குப் போகும்போது சாத்திவிட்டுப் போன கதவு, கையகலம் திறந்திருந்தது. படிக்கல்லின் உறைபனியில் பாதச் சுவடு. வெறுங்கால். ஒவ்வொரு சுவட்டின் விளிம்பிலும் வெள்ளைப் பொரி.

உள்ளே போகும் சுவடுகள். வெளியே வரும் சுவடு இல்லை.

ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? யாரிடம் போய் என்ன சொல்வது? காவல் கேட்கிற உரிமையை ஒவ்வொரு வாயாக அவனே தின்று தீர்த்திருந்தான். கதவைத் தள்ளினான்.

பட்டப்பகல். ஜன்னல் துளை வழியாக வெயில் நேராக மேஜைமேல் விழுந்திருந்தது. லஸ்ரான் உட்காரும் முக்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். தலையில் ஒரு முடி இல்லை. புருவம் இல்லை. இமை இல்லை. நன்றாக ஊறிய தோல், சுரண்டுவதற்குத் தயாரான தோல், எங்கும் ஒரே வெள்ளை. மேஜையில் கிண்ணம். பசித்தவன் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி கைகளை மடியில் வைத்திருந்தான்.

நோன்பு முடிந்தது என்று தலைவர் சொன்னார். நோன்பு முடித்தவன் சாப்பிட வேண்டும்.

லஸ்ரானின் கால்கள் அவனைக் கேட்காமலே கொப்பரையிடம் போயின. அகப்பை நிறைய மொண்டான். ஆவி பறந்தது. பாதி சிந்தியது. மிச்சத்தைக் கிண்ணத்தில் ஊற்றினான்.

வெள்ளை விரல் ஒன்று கிண்ணத்தைத் தொட்டது. மெல்ல, மரியாதையாக, ஓரமாக நகர்த்தி வைத்தது.

பிறகு லஸ்ரானின் வலது கையைப் பிடித்துக்கொண்டது. இறுக்கமாக இல்லை. குளிரில் விரல் மரத்துப்போனவன் சூடான ரொட்டியைப் பிடிக்கிற மாதிரி. அகப்பை கீழே விழுந்தது. அந்தக் கையை முரேதக் தன் முகத்தருகே கொண்டுபோனான். இமையில்லாத கண்கள் அதைப் பிரியமாகப் பார்த்தன. வாய் திறந்தது. உள்ளே விளிம்புவரை வெள்ளைச் சுண்ணாம்பு, கொதித்துக்கொண்டிருந்தது.

வெளியே சாப்பாட்டு மணியை அடித்தார்கள்.